கவுன்டரில் சொல்லாத விஷயம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த வாசகர் கடிதத்தில் ஒருவர், 'வங்கிகள் நம் பணத்தை நம்மைக் கேட்காமல் எடுத்து அடுத்தவருக்குக் கடன் கொடுக்கின்றன, இது சட்டம் அனுமதித்த திருட்டு, போட்ட பணம் நூற்றுக்கு நூறு பெட்டியில் இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தார். நான் டெல்டாவில் ஒரு பழைய தனியார் வங்கியில் காசாளராகச் சேர்ந்து தலைமைக் காசாளராக ஓய்வு பெற்றவன். அவருடைய கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் திருட்டு என்று சொல்லிவிட்டால் உண்மையான தப்பு எந்த இடத்தில் நடக்கிறதோ, அது சத்தமில்லாமல் தப்பித்துக்கொள்ளும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கிளையின் இரும்பு அறைக்கு இரண்டு சாவிகள். மேலாளரிடம் ஒன்று, காசாளரிடம் ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். உள்ளே எவ்வளவு ரொக்கம் வைத்திருக்கலாம் என்பதற்குத் தலைமை அலுவலகம் ஓர் உச்சவரம்பு போட்டிருக்கும். அதற்கு மேல் சேர்ந்தால், ரிசர்வ் வங்கிக்காக நோட்டுகளைச் சேர்த்து வைக்கும் கரன்சி செஸ்ட் உள்ள கிளைக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பாமல் வைத்திருந்தால், ரொக்கத்தை ஏன் தூங்கப் போட்டிருக்கிறீர்கள் என்று மெமோ வரும். எங்கள் கிளையின் டெபாசிட் கோடிக் கணக்கில் இருந்தது. இரும்பு அறையில் இருந்தது லட்சக் கணக்கில். இன்றைக்கு எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் இதே கதைதான்.

வங்கி முழுமைக்கும் கணக்குப் பார்த்தால், சுமாராக 100 ரூபாய் டெபாசிட்டுக்கு ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாக வைக்க வேண்டியது 3 ரூபாய். இதைத்தான் சி.ஆர்.ஆர். என்கிறார்கள். 2024 டிசம்பரில் நாலரையை 4 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் நாலு தவணையாக 3க்கு இறக்கினார்கள். அந்த ஒரு சதவீதத்தில் மட்டும் வங்கிகளின் கைக்கு வந்தது சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். எஸ்.எல்.ஆர். என்று, சட்டப்படி ஒதுக்கி வைக்க வேண்டிய இன்னொரு 18 ரூபாய் பெரும்பாலும் அரசுக் கடன் பத்திரங்களில் இருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி கடனாகப் போகிறது. நாங்கள் வேலை பார்த்த 1990களின் தொடக்கத்தில் சி.ஆர்.ஆர். 15, எஸ்.எல்.ஆர். 38.5 வரை இருந்தது. ஆக, அந்த வாசகர் கேட்கிற நூற்றுக்கு நூறு அன்றைக்கும் கிடையாது.

ஆனால் 'நம் பணத்தை எடுத்து' என்று அவர் சொல்வது அப்படியே நடப்பதில்லை. நகைக் கடன் கவுன்டரில் வந்து நின்று பாருங்கள். ஒருவர் சங்கிலி கொண்டுவருகிறார். அப்ரைசர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, எடை போட்டு, சீட்டு எழுதுகிறார். கடன் ஒரு லட்சம் ரூபாய். நகைக் கடன் கணக்கில் பற்று, வாங்கியவரின் சேமிப்புக் கணக்கில் வரவு, அவ்வளவுதான். என் டிராயரிலிருந்து ஒரு நோட்டு நகரவில்லை. வேறு எவருடைய பாஸ்புக்கிலும் ஒரு ரூபாய் குறையவில்லை. காலையில் இல்லாத ஒரு லட்சம் ரூபாய் டெபாசிட் மதியம் புதிதாக இருக்கிறது. கடன் கொடுக்கும்போதுதான் டெபாசிட் பிறக்கிறது என்று அந்நாட்டின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து 2014இல் தன் காலாண்டு இதழிலேயே விளக்கமாக எழுதியது. எங்கள் கணக்காளர்களுக்கு அது புதுச் செய்தி இல்லை, தினமும் இரண்டு வவுச்சர் எழுதியவர்கள். ஒருவர் பணம் இன்னொருவருக்குப் போவதைவிட, இருக்கிற கொஞ்ச ரொக்கத்தின் மேல் 'கேட்டால் தருகிறேன்' என்ற வாக்குறுதி ஏறிக்கொண்டே போகிறது என்பதுதான் சரியான சித்திரம்.

சட்டமும் இதை ஒளிக்கவில்லை. வங்கியில் கட்டிய பணம் அந்தக் கணம் முதல் வங்கியின் பணம், வாடிக்கையாளர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர் மட்டுமே என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1848இல் ஃபோலி எதிர் ஹில் வழக்கில் தீர்த்துவிட்டது. நம்முடைய 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 5ஆவது பிரிவும், கடன் கொடுப்பதற்காகவோ முதலீடு செய்வதற்காகவோ மக்களிடம் டெபாசிட் வாங்குவதுதான் வங்கித் தொழில் என்று நேராகவே சொல்கிறது. அதே கிளையில் லாக்கரும் இருக்கிறது. லாக்கரில் வைத்த வளையல் வைத்தபடியே இருக்கும். அதற்கு நாம் வாடகை கொடுக்கிறோம். சேமிப்புக் கணக்குக்கு வங்கி நமக்கு வட்டி கொடுக்கிறது. வட்டி எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தாலே பணம் பெட்டியில் சும்மா கிடக்கவில்லை என்பது புரியும்.

சரி, அப்படியானால் என்னதான் பிரச்சினை? அந்த ஒரு நிமிட யோசனையை நாங்கள் யாரையும் யோசிக்க விட்டதில்லை, அதுதான். கணக்குத் தொடங்க வருகிறவரிடம் இரண்டு போட்டோ கேட்டோம், அறிமுகக் கையெழுத்து கேட்டோம், வாரிசு நியமனம் கேட்டோம். 'அய்யா, நீங்கள் எங்களுக்குக் கடன் கொடுக்கிறீர்கள், இதில் இவ்வளவு ஆபத்து இருக்கிறது' என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் நான் பார்த்ததில்லை. 'பணம் பத்திரமா இருக்கும்லங்க?' என்று கேட்டால், 'பத்திரமா இருக்கும்மா, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்' என்போம். பெரும்பாலும் அது உண்மையாகவே இருந்தது. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் கேட்காதவரைக்கும் மட்டுமே அது உண்மை.

இன்னொன்றையும் பாருங்கள். அந்தக் காலத்தில் வங்கிக்கு வருவது அவரவர் விருப்பம். இன்று அப்படியா? ஓய்வூதியம், நூறு நாள் வேலைக் கூலி, கேஸ் மானியம், மகளிர் உரிமைத் தொகை, எல்லாம் வங்கிக் கணக்கில்தான் வந்து விழுகிறது. 2014இல் தொடங்கிய ஜன் தன் திட்டத்தில் மட்டும் 50 கோடிக்கு மேல் கணக்குகள். கணக்கு வேண்டாம், எனக்குக் கையில் கொடுங்கள் என்று சொல்ல ஒரு விவசாயக் கூலிப் பெண்ணுக்கு வழி இல்லை. சட்டப்படி அவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர். கடன் கொடுக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது, கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. ஒப்புதல் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதில் எதுவும் இங்கே இல்லை. என் பார்வையில் வங்கித் தொழிலின் தர்ம சங்கடம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

1990இல் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வருஷம் தஞ்சாவூர் வங்கியை இந்தியன் வங்கியோடு இணைத்தார்கள். திருநெல்வேலிப் பக்கம் தமிழ்நாடு வங்கி இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்குள் போனதும் அதே வருஷம். அடுத்தது எது என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. அதில் எங்கள் வங்கியின் பெயரும் அடிபட்டது. ஒரு காலைப்பொழுது ஷட்டரைத் தூக்கும்போதே வாசல் நிறையக் கூட்டம். பித்தளை டோக்கன் பதினொரு மணிக்குள் தீர்ந்துபோய், அட்டையை வெட்டி எண் எழுதிக் கொடுத்தோம். என் கூண்டுக்கு முன்னால் முதலில் நின்றவர்கள் யார் என்று இன்றும் சொல்ல முடியும்: கடைத்தெரு ஜவுளிக்காரர்கள், ஒரு வக்கீல், வீட்டில் போன் வைத்திருந்த மில்காரர். சுற்றுக் கிராமத்துப் பெண்கள் பாஸ்புக்கை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு மதிய பஸ்ஸில்தான் வந்தார்கள். அவர்களுக்கு வதந்தியே அப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தது.

மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டார். துப்பாக்கிக் காவலர் முன்னால் உட்கார்ந்து ஜீப்பில் பெட்டிகள் வந்தன. வழக்கமாகப் பின்கட்டு வழியாக நேரே இரும்பு அறைக்குப் போகும் பெட்டிகளை அன்று கூட்டத்துக்கு நடுவே கொண்டுவரச் சொன்னார் மேலாளர். சீலை உடைத்து, நூறு ரூபாய், ஐம்பது ரூபாய்க் கட்டுகளைக் கம்பிக்குப் பின்னால் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அடுக்கச் சொன்னார். அடுக்கியது நான்தான். அடுக்கும்போதே சத்தம் குறைவது தெரிந்தது. மூன்று மணிக்குள் பலர் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். காலையில் எடுத்த மில்காரர் மறுநாள் வந்து திரும்பக் கட்டினார், சிரித்துக்கொண்டே. ஒருவருக்கும் ஒரு பைசா நட்டமில்லை. வங்கியும் நல்ல நிலையில்தான் இருந்தது.

ஆனால் அந்தக் கட்டுகள் சொன்ன சேதி உண்மையில்லை. 'உங்கள் பணம் இதோ இருக்கிறது' என்று அவை சொல்லின. இருந்ததோ எங்கள் கிளை டெபாசிட்டில் ஒரு சின்னப் பங்கு. வேறு என்ன செய்திருக்க முடியும்? மக்களை உட்காரவைத்து இருப்புநிலைக் குறிப்பைப் படித்துக் காட்டவா? நாளைக்கே அப்படி ஒரு நிலை வந்தாலும் கட்டுகளை அடுக்கத்தான் சொல்வேன். ஆனால் நல்ல நிலையில் இருக்கிற ஒரு வங்கிகூடத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இப்படி ஒரு காட்சி காட்ட வேண்டியிருக்கிறது என்றால், அதற்கு முன்பு எத்தனை வருஷம் மக்களிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறோம் என்று யோசியுங்கள்.

வதந்தி உண்மையாக இருந்திருந்தால்? மதிய பஸ்ஸில் வந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் நட்டம் வந்தால்கூட ஒரு நியாயம் என்று சொல்லலாம். இங்கே முந்தியவருக்கு முழுப் பணம், பிந்தியவருக்குக் கைவிரிப்பு. முந்துகிறவர் யார்? முதலில் சேதி தெரிந்தவர், அதாவது ஏற்கெனவே வசதியுள்ளவர். இப்போது வரிசைகூட வேண்டாம். அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கியிடம் 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலர் கேட்டுவிட்டார்கள், பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே. மறுநாள் வங்கி மூடப்பட்டது. அந்த நாட்டில் 2020 மார்ச் முதல் கட்டாய ரொக்க இருப்பு விகிதம் பூஜ்யம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் கதவு மூடும் விதம் வேறு. 2019 செப்டம்பரில் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கியில், ஆறு மாதத்துக்கு ஒருவர் 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று முதலில் உத்தரவு வந்தது. வரம்பைப் பிறகு படிப்படியாக ஏற்றினார்கள். 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பரில் 25,000 ரூபாய் வரம்பு. பத்து நாளில் டி.பி.எஸ். வங்கியோடு இணைத்துவிட்டதால் டெபாசிட்தாரர்களுக்கு நட்டமில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்குத்தான் எல்லாம் போனது. கரூர்க்காரர்களில் எத்தனையோ குடும்பங்கள் பரம்பரையாக அந்தப் பங்கை வைத்திருந்தன. 2025 பிப்ரவரியில் மும்பையின் நியூ இந்தியா கூட்டுறவு வங்கியில் முதல் இரண்டு வாரம் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது என்றே சொல்லிவிட்டார்கள். பெரிய வங்கி என்றால் ராவோடு ராவாக யாராவது வாங்கிக்கொள்வார்கள். கூட்டுறவு வங்கிக்காரர் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு தெருவில் நிற்க வேண்டும்.

அதற்குத்தான் டெபாசிட் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல விஷயம். கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி 1960இல் மூழ்கிய பிறகு 1962இல் வந்த ஏற்பாடு அது. அன்று 1,500 ரூபாய் வரைக்கும். 1993 முதல் ஒரு லட்சம். அதை ஐந்து லட்சமாக்க 2020 பிப்ரவரி வரை, பி.எம்.சி. வங்கிக்காரர்கள் தெருவுக்கு வரும் வரை, காத்திருந்தோம். ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளிலும் ஒருவர் தன் பெயரில் போட்டிருப்பது, அசலும் வட்டியுமாக, சேர்த்துத்தான் இந்த ஐந்து லட்சம். ஓய்வு பெற்றவர் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாவற்றையும் வேலை பார்த்த ஊர் வங்கியிலேயே போட்டுவைத்தால், ஐந்து லட்சத்துக்கு மேலான தொகைக்கு அவர் எந்தப் பிணையும் இல்லாமல் கடன் கொடுத்தவர். 2017இல், நொடிக்கும் நிதி நிறுவனங்களை என்ன செய்வது என்பதற்காக எஃப்.ஆர்.டி.ஐ. மசோதா வந்தபோது, வங்கி நொடித்தால் டெபாசிட்டில் கைவைப்பார்கள் என்று ஊரே கொதித்தது. 2018இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போனோம். பிணையில்லாமல் கடன் கொடுத்தவர் என்ற நிலை அதற்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள். அங்கேயும் டெபாசிட் வாங்குகிறார்கள், ரசீது கொடுக்கிறார்கள். பலகையைப் பார்த்து மக்கள் அதையும் 'பேங்க்' என்றுதான் சொல்கிறார்கள். மேற்படி காப்பீடு அந்தச் சங்கங்களுக்குக் கிடையாது. உங்கள் நிருபர்கள் எந்தக் கிராமத்துக்காவது போய், அங்கே பணம் போட்டிருக்கும் பத்துப் பேரிடம் இது தெரியுமா என்று கேட்டுப் பார்க்கட்டும்.

இனி அந்த வாசகர் கேட்கும் நூற்றுக்கு நூறு. 1609இல் தொடங்கிய ஆம்ஸ்டர்டாம் வங்கி போட்ட பணத்தை அப்படியே வைத்திருப்பதாகச் சொல்லித்தான் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கியது. உள்ளுக்குள் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ரகசியமாகக் கடன் கொடுத்தது. விஷயம் வெளியே வந்து நம்பிக்கை போய், 1819இல் மூடப்பட்டது. சுவிட்சர்லாந்தில் 2018 ஜூனில் இதே கோரிக்கையைப் பொது வாக்கெடுப்புக்கு விட்டார்கள். நாலில் மூன்று பங்கு வேண்டாம் என்றது.

வரலாற்றை விடுங்கள். ஜூனில் மேட்டூர் திறந்ததும் குறுவைக்கு உழவு, விதை, உரம் என்று கையில் காசு வேண்டும். டெல்டாவில் எத்தனையோ பேருடைய சேமிப்பின் பலத்தில்தான் நாங்கள் அந்தக் கடனைக் கொடுத்தோம். அது இல்லையென்றால் விவசாயி கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்பார். நீண்ட காலத்துக்குப் போடும் ஃபிக்சட் டெபாசிட்டைக் கடன் கொடுங்கள், சேமிப்புக் கணக்கைத் தொடாதீர்கள் என்று அந்த வாசகர் ஒரு பிரிவினை வைக்கிறார். தத்துவத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் ஒரு கோடி ரூபாய் வரையிலான எஃப்.டி.யைத் தனிநபர் எப்போது கேட்டாலும் உடைத்துத் தர வேண்டும் என்பது விதி. அபராத வட்டி பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மகள் கல்யாணம் என்று வந்து நிற்பவரிடம், முதிர்வு தேதி வரட்டும் என்று எந்த மேலாளர் சொல்வார்? எஃப்.டி.யும் நடைமுறையில் கேட்டால் கொடுக்க வேண்டிய பணம்தான்.

எனவே கடன் கொடுப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். கடன் கொடுக்க விரும்பாதவருக்கு ஒரு வழி வேண்டும் என்பேன். தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கு ஒரு வழி. 4 சதவீத வட்டி, பணத்துக்கு மத்திய அரசே பொறுப்பு. அங்கேயும் பணம் பெட்டியில் தூங்கவில்லை, அரசாங்கம் செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கைமாற்று வாங்கியவர் யார் என்பது தெளிவு. இரண்டாவது வழி, 2022 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கி சோதனையாக விட்டிருக்கும் இ-ரூபாய். அது சட்டைப் பையில் இருக்கும் நோட்டு மாதிரி. வட்டி இல்லை, எந்த வங்கியும் அதை எடுத்துக் கடன் கொடுக்க முடியாது, பொறுப்பு நேராக ரிசர்வ் வங்கியுடையது. அந்த வாசகர் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். என் பேரன் அதைப் போனில் இறக்கிக் காட்டினான். யுபிஐ மாதிரி இன்னொரு ஆப் தாத்தா என்றான். அவனுக்கு யாரும் வித்தியாசம் சொல்லவில்லை. வங்கிகள் ஏன் சொல்லப் போகின்றன? மலிவான சேமிப்புப் பணம் அந்தப் பக்கம் போய்விட்டால் அவர்களுக்குத்தானே கஷ்டம்!

ரிசர்வ் வங்கிக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். கணக்குத் தொடங்கும் படிவத்தின் முதல் பக்கத்திலும் பாஸ்புக்கின் முதல் பக்கத்திலும், அந்தந்த மாநில மொழியில், கண்ணாடி இல்லாமல் படிக்கிற எழுத்தில், கீழ்க்கண்டதை அச்சடிக்க உத்தரவிட வேண்டும். வாசகத்தையும் நானே எழுதித் தருகிறேன்:

'நீங்கள் இங்கே கட்டும் பணம் இந்த வங்கிக்கு நீங்கள் கொடுக்கும் கடன். அதை வங்கி மற்றவர்களுக்குக் கடன் கொடுக்கும். 100 ரூபாயில் ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாக இருப்பது 3 ரூபாய். வங்கி மூழ்கினால் உங்களுக்கு உறுதியாகக் கிடைப்பது எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய் வரை. இதில் விருப்பமில்லை என்றால் தபால் அலுவலகக் கணக்கும் இ-ரூபாயும் இருக்கின்றன.'

கூட்டுறவுக் கடன் சங்கங்களில் மட்டும் மூன்றாவது வரியை எடுத்துவிட்டு, நாலாவது வரியை மாற்றி, 'காப்பீடு கிடையாது' என்று போட வேண்டும். இதைப் படித்தால் மக்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று என் பழைய சகாக்களே சொல்கிறார்கள். சிகரெட் அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டும் வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அச்சுச் செலவு என்றும் யாரும் சொல்ல முடியாது. கிரெடிட் கார்டு வாங்குங்கள், காப்பீட்டு பாலிசி எடுங்கள் என்று வழவழப்பான தாளில் அடித்த துண்டுப் பிரசுரங்கள் எல்லா வங்கிக் கவுன்டரிலும் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமைக் காசாளர்,
மன்னார்குடி.